அந்த 700 மீட்டர் தடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாஜி காலத்தில் ஜெர்மன் கம்பெனிகள் செய்தவை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் டயர் கம்பெனியான கான்டினென்டல் பற்றி ஒரே ஒரு வரி. டயர் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

ரப்பர் எவ்வளவு தேயும் என்று பார்க்க, ஒரு சின்னத் துண்டை வெட்டி எடை போட்டு, உப்புத்தாள் சுற்றிய உருளைமேல் தேயவிடுவோம். அப்புறம் மறுபடி எடை போடுவோம். சில நிமிட வேலை. பெர்லினுக்கு வடக்கே சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் இந்த வேலையை மனிதர்களின் கால்களை வைத்துச் செய்தார்கள். போரால் தோலுக்குத் தட்டுப்பாடு. மாற்றுப் பொருளில் செய்த செருப்பும் பூட்ஸும் எத்தனை நாள் தாங்கும் என்று தெரிய வேண்டும். 1940-இல் சுமார் 700 மீட்டருக்கு ஒரு சுற்றுத் தடம் போட்டார்கள். சிமெண்ட், சரளை, மணல் என்று தரை மாறிக்கொண்டே இருக்கும். கைதிகள் தினமும் 30, 40 கிலோமீட்டர் அதில் நடந்தார்கள், நடந்தே செத்தவர்கள் பலர். அந்தக் கால்களில் கான்டினென்டலின் ரப்பர் அடிப்பாகங்களும் இருந்தன.

ஒரு கம்பெனி தன் நாஜி காலத்தைப் பற்றித் தானே காசு கொடுத்து எழுதவைத்த ஆய்வை எப்படி நம்புவது என்று கட்டுரையாளர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் மியூனிக் வரலாற்றாசிரியர் பால் எர்கர் கான்டினென்டலுக்காக எழுதிய ஆய்வு எதையும் பூசி மெழுகவில்லை. சுமார் 10,000 பேரைக் கட்டாய வேலை வாங்கியதை அது சொல்கிறது. என் ஆதங்கம் அது வெளிவந்த வருடத்தைப் பற்றியது: 2020. போர் முடிந்து 75 வருடம். அந்தத் தடத்தில் நடந்தவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருக்க முடியும்?

கான்டினென்டலின் அதே ஹானோவர் நகரத்தில்தான் பால்சன் பிஸ்கட் கம்பெனியும் இருக்கிறது. 2019-இல் அந்தக் குடும்பத்து வாரிசு ஒருவர், கட்டாயத் தொழிலாளர்களை நன்றாகத்தான் நடத்தினோம், ஜெர்மானியர்களுக்குத் தந்த சம்பளத்தையே தந்தோம் என்று பேட்டி கொடுத்தார். எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகுதான் ஆய்வுக்கு ஏற்பாடு நடந்தது. ஏறக்குறைய 200 பேர் என்று சொல்லி வந்த கணக்கு, 2024-இல் 800-ஐத் தாண்டியது. பெரும்பாலும் போலந்து, உக்ரைன் பெண்கள். கம்பெனியின் பழைய ஆவண அலமாரியைத் திறக்காதவரை வீட்டுப் பிள்ளைகளே பழைய கதையைத்தான் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

2000-இல் ஜெர்மன் அரசும் கம்பெனிகளும் பாதிக்குப் பாதி போட்டு, கட்டாயத் தொழிலாளர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க 1,000 கோடி மார்க்கில் (மார்க் அன்றைய ஜெர்மன் நாணயம்) ஓர் அறக்கட்டளை அமைத்ததைக் கட்டுரை பாராட்டியிருந்தது. சரி, பாராட்டலாம். ஆனால் அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்த பிறகே அவர்கள் பணத்தை எடுத்து வைத்தார்கள் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். 2007 வரை சுமார் 16.6 லட்சம் பேருக்கு 440 கோடி யூரோ கிடைத்தது. தலைக்குச் சராசரியாக 2,650 யூரோ.

கட்டுரையோடு பளபளக்கும் கார்களின் படங்களைப் போட்டிருந்தீர்கள். சாக்சன்ஹவுசன் இப்போது நினைவிடம். அந்தத் தடத்தை அங்கே போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம். அடுத்த முறை அதன் படத்தை, பெரிதாகவே, போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டயர் தொழிலாளி,
அம்பத்தூர்