தண்ணீர் நின்றுவிட்டதா என்று கேட்டவருக்கு

நாவலூர் வேலைத்தளத்து நண்பர்களுக்கும், சங்கத்துத் தோழர்களுக்கும், எங்கள் தெருவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று மாலை மருத்துவர் என் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இனிச் சாரத்தில் ஏறலாம் என்று சொன்னார். தை பிறந்ததிலிருந்து நான் காத்திருந்த சொல் அது. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் பிழை திருத்தி எழுதுகிறாள். ஐப்பசி மழையில் வேலை நின்றுபோன நாட்களில் நான் உயிரை விடத் துணிந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை மறுபடியும் விரிக்கவில்லை.

அன்றிரவு ஆட்டோவில் தூக்கிச் சென்றவர், செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் முறை வைத்து என் பக்கத்தில் படுத்திருந்த நால்வர், என் வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட பெண்கள், வட்டிக்குக் கொடுத்தவரிடம் பேசித் தவணை வாங்கித் தந்த சங்கச் செயலாளர், காலாவதியாகிக் கிடந்த என் நலவாரிய அட்டையைப் புதுப்பிக்க நான்கு நாள் அலைந்த தம்பி ஆகிய எல்லோருக்கும் என் நன்றி. வீடு திரும்பிய பின் ஒரு நள்ளிரவில், நான் தூங்காமல் உலவுவதைக் கண்டு பயந்துபோன என் மகள் 14416 என்ற எண்ணை அழைத்தாள். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசின் மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் பேசலாம். எடுத்தவர் தமிழிலேயே, சற்றும் அவசரப்படாமல் எங்கள் இருவரிடமும் பேசினார். அவர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. போலீஸ் வழக்கு வருமோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தபோது, 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு என்னைப் போன்றவர்களைக் கடும் மன உளைச்சலில் இருந்தவர்களாகவே கருதித் தண்டனையிலிருந்து காக்கிறது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஆனாலும் இந்த மடலை எழுத வைத்தவர் நம் தளத்தில் சித்தாளாக இருக்கும் பெண் ஒருவர். தன் பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பதினோரு ஆண்டுகளாக எனக்குக் கலவை தூக்குகிறார். அத்தனை காலத்தில் ஒரு நாளும் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘சட்டி’ என்று குரல் கொடுப்பேன், வந்துவிடுவார். தாமதமானால் திட்டுவேன்.

தை மாதம் நான் திரும்பி வந்த அன்று நீங்கள் எல்லோரும் அன்பாகத்தான் நடந்துகொண்டீர்கள், ஆனால் நான் பக்கத்தில் வந்ததும் பேச்சு நின்றது. குறையாகச் சொல்லவில்லை, உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் வாயடைத்துத்தான் நின்றிருப்பேன். மாத்திரையின் மயக்கம் தெளியும்வரை உயரத்தில் நிற்கக் கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருந்ததை நான் மேஸ்திரியிடம் மறைத்திருந்தேன். கீழே நின்றால் சித்தாள் கூலிதான் கிடைக்கும் என்ற பயம் ஒரு பக்கம், இருபத்தாறு வருடம் கரண்டி பிடித்தவன் மணல் சலிக்கிறான் என்ற பேச்சு வருமே என்ற வெட்கம் மறுபக்கம். சாரத்தின் அடியில் போய்க் கம்பைப் பிடித்தபடி நின்றேன். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது.

அப்போதுதான் அந்தச் சித்தாள் டியூப் லெவலைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு வந்தார். “அண்ணே, டைல்ஸுக்கு மட்டம் எடுக்கணும். இந்தப் பசங்க குழாயில குமிழிய விட்டுட்டு நிக்கிறானுங்க. நீங்க ஒரு முனையப் பிடிங்க” என்றார். என் பதிலுக்குக் காத்திராமல் குழாயின் நுனியை என் கையில் திணித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தண்ணீர் நிரப்பிய குழாயின் இரு முனைகளையும் இருவர் இரண்டு இடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். தண்ணீர் ஆடி அடங்கும்வரை இருவருமே அசையக் கூடாது; அடங்கிய பிறகு இரு பக்கமும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும், அங்கே கோடு போடலாம். தரையில் நின்றே செய்கிற, கொத்தனாரின் கண் வேண்டியிருக்கிற, தனியாளாகச் செய்ய வராத வேலை. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார் என்பதும், முந்தின நாளே மேஸ்திரியிடம் பேசி என் கூலி குறையாமல் பார்த்துக்கொண்டார் என்பதும் எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. மேஸ்திரிக்கும் இந்த இடத்தில் நன்றி சொல்கிறேன்.

ஒவ்வோர் அறையிலும் சுவருக்கு அப்பாலிருந்து “தண்ணி நின்னுடுச்சாண்ணே?” என்று கேட்பார். “நின்னுடுச்சு” என்பேன். கோடு போடுவோம், அடுத்த அறைக்கு நகர்வோம். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, காரணம் எதுவுமில்லாமல் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது. அவர் கேட்டபோது “இன்னும் ஆடுது” என்றேன். தண்ணீர் எப்போதோ நின்றுவிட்டது. என் பக்கம் நின்றுவிட்டால் அவர் பக்கமும் நின்றிருக்கும், அது அவருக்குத் தெரியாமல் இருக்காது. “ஆடட்டும்ணே, நான் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்” என்றார். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியவில்லை. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு “நின்னுடுச்சு” என்ற பிறகுதான் அவர் கோடு போட்டார். அதைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

தள வாசலில் தலைக்கவசம் இருக்கிறதா, பெல்ட் மாட்டியிருக்கிறோமா என்று பார்க்கிறார்கள், பார்க்கத்தான் வேண்டும். ராத்திரி தூங்கினாயா என்று யாரும் கேட்பதில்லை, தூங்காதவன் சாரத்தில் நிற்பதும் பெல்ட் இல்லாதவன் நிற்பதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. மழைக்கு வேலை நிற்கும், வாடகையும் வட்டியும் நிற்பதில்லை. உடம்பு வலிக்கு என்று குடிக்கத் தொடங்கி, அதிலேயே தூக்கத்தையும் தொலைக்கிறோம். குடியைப் பற்றி எனக்குப் புத்தி சொன்னவர்கள் நிறையப் பேர். வரவேண்டிய நிலுவைக் கூலியைப் பற்றி வாய் திறந்தவர்கள் மிகவும் குறைவு. இதை நன்றி மடலில் எழுத வேண்டுமா என்று என் மகள் கேட்கிறாள். இருக்கட்டும்.

இந்த மழையும் கடனும் அந்தச் சித்தாளுக்கும் உண்டு. மாலையில் வீட்டுக்குப் போனால் அங்கும் வேலை காத்திருக்கிறது. ஆண் பிள்ளைகள் சித்தாளாக வந்து ஐந்தாறு வருடத்தில் கொத்தனாராகிவிடுகிறார்கள், பெண்கள் முடி நரைத்த பின்னும் சட்டிதான் தூக்குகிறார்கள். எனக்குக் கலவை தூக்கிய பெண்களில் ஒருவர் கையிலாவது நான் கரண்டியைக் கொடுத்ததில்லை. இனி அவரைப் பெயர் சொல்லித்தான் அழைப்பேன், பூச்சு வேலையும் கட்டு வேலையும் கற்றுத் தருவேன் என்று சென்ற வாரம் அவரிடமே சொன்னேன். “கத்துக்கிறேன். ஆனா கரண்டி பிடிச்ச அன்னிலேருந்து கொத்தனார் கூலி வாங்கித் தரணும்” என்றார்.

மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை, சாரத்தில் ஏறுவதற்கு முன் மறுபடியும் கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கள் கொத்தனார்