விடுவிப்புச் சான்றை மீட்ட அன்றே கொடுங்கள்

ஆசிரியருக்கு,

கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் ஒழித்துவிட்டது. ஆனால் செங்கல் சூளைகளிலிருந்து மீட்கப்படும் குடும்பங்களின் வழக்கு, பல நேரம் முதல் விசாரணையிலேயே சறுக்கிவிடுகிறது. முதலாளியை எதிரே நிறுத்திக்கொண்டு “நீ கொத்தடிமையா?” என்று கேட்டால் யார் வாய் திறப்பார்கள்? ஒவ்வொருவரையும் சூளைக்கு வெளியே தனியாக விசாரிக்க வேண்டும். முன்பணம் எவ்வளவு, வாரக் கூலியில் எவ்வளவு பிடித்தார்கள், ஊரில் சாவு என்றால் குடும்பத்தோடு போக விட்டார்களா, இல்லை பிள்ளையைப் பிணையாக நிறுத்திக்கொண்டார்களா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் உண்மை வெளிவரும்.

முன்பணச் சீட்டு இல்லை என்று கோப்பை மூடுவது தவறு. அந்த முன்பணம் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவர், 1976 சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, கடன் கொடுத்தவர்தான். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

கொத்தடிமையிலிருந்து விடுதலையானவர் என்று அதிகாரிகள் எழுதித் தரும் விடுவிப்புச் சான்று இல்லாமல் மீட்கப்பட்டவர்களைப் பேருந்து ஏற்றி அனுப்பினால், 30,000 ரூபாய் வரையிலான உடனடி நிவாரணம் சிக்கலாகும். சட்டப்படி ரத்தான கடனைக் கேட்டு ஆட்கள் வீடு தேடி வருவார்கள். முழு மறுவாழ்வுத் தொகையைத் தண்டனைத் தீர்ப்போடு முடிச்சுப் போட்டிருப்பதையும் அரசு உடனே அவிழ்க்க வேண்டும்.

- வாசகர், செங்கல்பட்டு