நல்ல நாளில்தான் கவனமாக இருக்க வேண்டும், தங்கம்

புளியரை
ஆடி 3

அன்புள்ள தங்கம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மிஷினில் உட்கார்ந்திருந்தவள் நூலைக்கூட அறுக்காமல் எழுந்துபோய் வாங்கினேன். திண்ணையில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். இங்கே சாரல் பிடித்து ஒரு மாதம் ஆகிறது. மலை முழுக்க மேகம் மூடிக்கிடக்கிறது, பகலிலேயே விளக்குப் போட்டுத்தான் தைக்கிறேன். குண்டாறு நிரம்பி வழிகிறது. கேரளாவிலிருந்து குற்றாலத்துக்கு வருகிற வண்டிகளும், இங்கிருந்து காய்கறி ஏற்றிப் போகிற லாரிகளும் சேர்ந்து செக்போஸ்ட் பக்கம் ஒரே நெரிசல். பெரியவன் கொச்சியில் அதே ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ் வேலை பார்க்கிறான். மைனிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்றபடி எல்லாரும் சுகம்.

உன் கடிதத்தில் ஒரு இடம் மனசை விட்டுப் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இடுப்பு லேசாக இருந்தது என்று வீடு முழுக்க ஒட்டடை அடித்து, ஜன்னலெல்லாம் துடைத்து, பரணில் இருந்ததை இறக்கி ஒழுங்குபண்ணினேன், திங்கள் முதல் வியாழன் வரை படுக்கைதான் என்று எழுதியிருந்தாய். "இனி ஒன்றும் செய்யாமல் கிடப்பதே மேல் என்று தோன்றுகிறது" என்று முடித்திருந்தாய். ஏட்டி, அது அப்படியே என் கதை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் இடுப்பு 2019இல் பிடித்துக்கொண்டது உனக்குத் தெரியும். பள்ளிக்கூட யூனிபார்ம் துணி பண்டலைத் தூக்கும்போது வந்தது. ஒரு வாரத்தில் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. ஸ்கேன் எடுத்தோம். அதைப் பார்த்த டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டிஸ்க் தேய்ந்துவிட்டது, இனி குனியாதே, தூக்காதே, மிஷினை மறந்துவிடு என்றார். இரண்டு நிமிஷம்தான் பேசியிருப்பார். அந்த இரண்டு நிமிஷம் என்னிடமிருந்து எட்டு மாசத்தை எடுத்துக்கொண்டது. நான் எட்டு மாசம் மிஷினைத் தொடவில்லை. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு படுத்தேன், எழுந்தேன், மறுபடி படுத்தேன். மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கிய வலி மாத்திரையை மாசக்கணக்கில் விழுங்கி வயிறு எரிய ஆரம்பித்தது. பெரியவன் லீவில் வந்தவன் அட்டையைப் பார்த்துப் பதறிப்போனான். இந்த மாத்திரையைக் கேட்பாரில்லாமல் நாள்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரும், கிட்னியும் கெடும் என்று உடனே இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனான். நல்ல வேளை, கிட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை. நீயும் கடையில் கேட்டு வாங்கித்தான் போடுகிறாயா? எழுதவில்லையே. டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுவிடு, தங்கம்.

அவன்தான் என்னைப் புனலூருக்கு ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் கூட்டிப்போனான். சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. அவள் ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு, நான் எப்படி உட்காருகிறேன், எப்படி எழுகிறேன், மிஷின் எவ்வளவு உயரம், எதைச் செய்ய ஆசை, எதற்குப் பயம் என்று அரை மணி நேரம் கேட்டாள். கடைசியில் ஸ்கேனை எடுத்து, இதில் தெரிகிற தேய்மானம் வலி இல்லாதவர்களுக்கும் இருக்கும் என்றாள். வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளை எல்லாம் 2015இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்ததாம். முடி நரைக்கிற மாதிரிதான் சேச்சி என்றாள். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். தேய்ந்துவிட்டது, தேய்ந்துவிட்டது என்று என்னையே ஒரு பழைய சாமானாக நினைத்து இத்தனை மாசம் கிடந்திருக்கிறேனே என்று.

இன்னொன்றும் சொன்னாள். மூன்று மாசத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். பல பேருக்கு அதற்குள் காயம் ஆறியிருக்கும், ஆனால் நரம்புகளும் மூளையும் எச்சரிக்கையாகவே இருந்து பழகிவிடும். எனக்கு இப்படித்தான் புரிந்தது: ஒரு நாள் திருடனைப் பார்த்துக் குரைத்த நாய், அதற்குப் பிறகு தபால்காரரைப் பார்த்தும் குரைக்கிறது. குரைப்பது பொய்யில்லை, தொண்டை கிழியத்தான் குரைக்கிறது. ஆனால் ஒவ்வொரு குரைப்புக்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே போனால் நாய் என்ன நினைக்கும்? வெளியே ஆபத்துதான் என்று இன்னும் குரைக்கும். தபால்காரர் தினமும் வந்து அமைதியாகப் போனால்தான் அது பழகும்.

சரி, இப்போது உன் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

முதல் நாள் அவள் ஒரு பயிற்சியைப் பத்துத் தடவை செய்யச் சொன்னாள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி இறக்குவது. பத்தும் சுலபமாக முடிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பதினொன்றாவது தடவைக்கு இடுப்பைத் தூக்கினேன். அவள் சட்டென்று தோளில் கை வைத்து, "மதி சேச்சி, மதி" என்றாள். இன்னும் செய்ய முடியும் என்றேன். முடியும், அதனால்தான் நிறுத்தச் சொல்கிறேன் என்றாள்.

மலையாளத்தில் போதும் என்று அர்த்தம், கேரளாவில் இருக்கிற நீ தினமும் காதில் கேட்கிற சொல்தான் அது. எனக்கு அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் விளங்கியது. அதுவரை வலி வந்த பிறகுதான் நான் நிறுத்துவேன். வலி இல்லாத நாளில் நிறுத்தவே மாட்டேன், விட்டுப்போன வேலையை எல்லாம் ஒரே நாளில் பிடித்துவிடப் பார்ப்பேன். அப்புறம் நான்கு நாள் படுக்கை. படுக்கையில் கிடந்து உடம்பு இன்னும் தளரும், அடுத்த நல்ல நாளில் அதைவிடக் குறைந்த வேலைக்கே வலி வந்துவிடும். என்னைக் கெடுத்தது கெட்ட நாள் இல்லை, தங்கம். நல்ல நாள்தான்.

அவள் சொன்ன வழி இதுதான். மோசமான நாளிலும் உன்னால் எது முடியுமோ, அதுதான் உன் அளவு. நல்ல நாளிலும் அதே அளவோடு நிறுத்திவிட வேண்டும். அளவை ஏற்றலாம், ஆனால் அன்றைய தெம்பைப் பார்த்து ஏற்றக்கூடாது, முன்னாலேயே முடிவு செய்தபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். எனக்கு அந்த அளவு நான்கு கரண்டு கம்பம். வீட்டு வாசலிலிருந்து வயல் ரோட்டில் நான்காவது கம்பம் வரை போய்த் திரும்புவது, அவ்வளவுதான். ஊரையே சுற்றி வந்தவள் நான்கு கம்பத்தோடு திரும்பினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று வெட்கமாக இருந்தது. இரண்டாவது வாரம் ஐந்து கம்பம், மூன்றாவது வாரம் ஆறு. வலி கூடிப்போன வாரத்தில் இரண்டு கம்பத்துக்கு இறங்குவேன், ஆனால் வாசலை விட்டு இறங்காமல் மட்டும் இருக்கமாட்டேன். இப்போது இருபத்திரண்டு கம்பம், குளத்து மடை வரைக்கும். அங்கே கல்லில் உட்கார்ந்து கொக்குகளைப் பார்த்துவிட்டு வருவேன். சாரலில் குடையோடு போவேன். மேட்டில் ரயில் போனால் நின்று பார்ப்பேன். ஆரியங்காவு ஏற்றத்தில் ரயிலின் முன்னால் ஒரு எஞ்சின் இழுக்க, பின்னால் ஒரு எஞ்சின் தள்ளும், மெதுவாகத்தான் ஏறும்.

தையலையும் அப்படித்தான் மாற்றினேன். செல்போனில் இருபது நிமிஷத்துக்கு மணி வைத்துக்கொள்வேன். அடித்ததும் தையல் பாதியில் நின்றாலும் எழுந்துவிடுவேன். மேசைப் பக்கம் நின்றபடி ஊக்கு வைப்பேன், காஜா போடுவேன். வெட்டுகிறது தரையில் கிடையாது, இடுப்பு உயரத்துக்கு மேசை செய்துகொண்டேன். மிதியை எடுத்துவிட்டு மோட்டார் போட்டாயிற்று. முன்பு ஒரு நாளைக்கு ஆறு ரவிக்கை தைப்பேன், இப்போது மூன்று. வருமானம் குறைந்தது உண்மை, அதற்காக மனசு வலித்ததும் உண்மை. ஆனால் மாசத்தில் பாதி நாள் படுக்கையில் கிடந்து ஆறு தைத்ததைவிட, மாசம் முழுக்க மூன்று தைப்பதில் கணக்கு சரியாகவே வருகிறது.

வலி போய்விட்டதா என்று கேட்பாய். போகவில்லை. இன்றைக்கும் காலையில் எழுந்ததும் கால் மணி நேரம் சுவரைப் பிடித்துத்தான் நடந்தேன். சாரல் குளிரில் இடுப்பு இறுகிவிடுகிறது, வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டுதான் காப்பி போடுகிறேன். பண்பொழித் திருமலைக் கோயிலுக்குச் சின்ன வயதில் நீயும் நானும் படி எண்ணிக்கொண்டே ஓடி ஏறுவோமே, இப்போது ஆட்டோவில்தான் போகிறேன். முதல் தடவை அப்படிப் போனபோது அடிவாரத்துப் படிகளைப் பார்க்கவே முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தத் துக்கத்தை யாரிடமும் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தேன். மைனியிடம் ஒரு நாள் சொல்லி அழுத பிறகுதான் நெஞ்சு லேசாயிற்று. நீயும் சொல்லிவிடு, என்னிடமாவது சொல்லிவிடு.

மனசு வந்தால் செய்யலாம் என்று காத்திருந்தால் மனசு வராது, அதை நன்றாகப் பார்த்துவிட்டேன். அதனால் காலை ஆறரைக்குச் செருப்பைப் போடுவது மட்டும்தான் என் வேலை என்று வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண் தையல் கற்க வருகிறாள், அவள் வாசலில் நிற்பாள். அவளுக்காகவாவது கால் இறங்கிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்றே ஒரு வழிகாட்டுதல் போட்டதாகப் பெரியவன் படித்துச் சொன்னான். உடற்பயிற்சியும், வலியைப் பற்றிப் புரியவைப்பதும், மனசுக்கான சிகிச்சையும் அதில் இருக்கின்றன. இடுப்பு பெல்ட்டும், இழுத்துக் கட்டுகிற டிராக்‌ஷனும் வேண்டாத பட்டியலில் இருக்கின்றனவாம். பெல்ட்டை அன்றே பரணில் போட்டேன். 2020இல் மட்டும் உலகத்தில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலியாம். இரவு வலியில் விழித்துக் கிடக்கும்போது அவர்களில் யாரோ ஒருத்தி என்னைப் போலவே புரண்டுகொண்டிருப்பாள் என்று நினைப்பேன், அவளுக்காகவும் சேர்த்து வேண்டிக்கொள்வேன்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் வேண்டாம். கால் மரத்துப்போனாலோ, கால் பலமில்லாமல் இழுத்தாலோ, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்து வந்தாலோ, நான் சொன்ன எதுவும் செல்லாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையில் உன் வீட்டுத் தெருவில் கம்பங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. நீ டீச்சராக இருந்தவள், எண்ணி எழுது. அப்புறம் ஒட்டடைக் கம்பை மருமகளிடம் கொடுத்துவிடு. ஒரு நாளைக்கு ஒரு ஜன்னல், அதுவும் உட்கார்ந்து துடைக்கிற உயரம் வரைக்கும்தான்.

ஓணம் லீவுக்குப் பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினால் பாலக்காட்டிலிருந்து நேராக செங்கோட்டையில் இறங்கலாம். கீழ்ப் பெர்த் கேட்டுப் போடு. விழித்திருக்கிற நேரத்தில் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து இரண்டு எட்டு நடந்துகொள். ஸ்டேஷனுக்கு ஆட்டோவோடு வந்து நிற்பேன். மடை வரைக்கும் சேர்ந்து போகலாம், நீ நான்காவது கம்பத்தில் மதி என்றால் அங்கேயே திரும்பிவிடலாம்.

உனக்கு ஒரு மஞ்சள் ரவிக்கைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். பழைய அளவு நோட்டில் இருக்கிறது, கைநீளம் மட்டும் மாறியிருந்தால் எழுது.

உன்
வடிவு