கைப்பேசி காட்டும் இடம் மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

எங்கே போவது, எங்கே சாப்பிடுவது என்பதை இப்போது டிக்டாக்தான் முடிவு செய்கிறது. பினாங்கு ஜோர்ஜ்டவுன் ஆர்மேனியன் தெருவில் 2012இல் வரைந்த சைக்கிள் சுவரோவியத்தின் முன் படமெடுக்க அவ்வளவு கூட்டம். நல்ல ஓவியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நடந்தே போகும் தூரத்தில், 1833இல் எழுந்த குயின் தெரு மகா மாரியம்மன் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க நம் பிள்ளைகளுக்கே நேரமில்லை. பினாங்குப் பாலத்தைத் தாண்டி கெடா மாநிலத்துக்குப் போனால் பூஜாங் பள்ளத்தாக்கு. அங்கே மெர்போக்கில் அருங்காட்சியகத்தை ஒட்டியே பழங்கோயில்களின் கல் அடித்தளங்கள் இருக்கின்றன. எத்தனை குடும்பங்கள் போயிருக்கின்றன?

நம் இளைஞர் இயக்கங்கள் இந்த இடங்களைத் தமிழில் குறுங்காணொளிகளாக எடுத்து, போகும் வழி, திறக்கும் நேரம் எல்லாம் சொல்லிப் பகிர வேண்டும். அடுத்த பள்ளி விடுமுறைக்குள் தொடங்கலாமே!

வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு