கௌபாய்க்கு முன்னால் வக்கேரோ

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் கௌபாய் தொடரின் முதல் பகுதியைப் படித்தேன். நடை நன்றாக ஓடுகிறது, படங்களும் அருமை. ஆனால் கட்டுரையாளர் கதையை 1865-இல், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு டெக்சஸில் தொடங்கிவிட்டார். போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் காட்டில் திரிந்த மாடுகளைப் பார்த்தார்களாம், குதிரையில் ஏறினார்களாம், கௌபாய் பிறந்துவிட்டானாம். அந்த மாடும் குதிரையும் அங்கே எப்படி வந்தன?

கொண்டுவந்தது ஸ்பெயின்காரர்கள். 1493-இல் கொலம்பஸின் இரண்டாவது பயணத்திலேயே இரண்டும் கரீபியத் தீவுகளில் இறங்கிவிட்டன. 1519-இல் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்த்தேஸ் மெக்சிகோவுக்குக் குதிரைகளோடு வந்தார், சில ஆண்டுகளில் மாடுகளும் வந்து சேர்ந்தன. வேலியே இல்லாத வெளியில் மந்தை பெருகிக்கொண்டே போனால் குதிரை மேலிருந்துதான் மேய்க்க முடியும், கயிறு வீசித்தான் பிடிக்க முடியும், சூடு போட்டால்தான் யார் மாடு என்று தெரியும். 1529-லேயே மெக்சிகோ நகர சபை, மாடு வைத்திருப்பவர்கள் தங்கள் சூட்டுக்குறியைப் பதிவுசெய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டது. ஆக, தொழிலும் அதற்கான சட்டமும் டெக்சஸ் கௌபாய்க்கு முந்நூறு ஆண்டு மூத்தவை.

இந்த வேலையைச் செய்தவர்கள்தான் வக்கேரோக்கள், ஸ்பானிய மொழியில் மாடு மேய்ப்பவர் என்று பொருள். அவர்கள் பெரும்பாலும் பழங்குடியினர், கலப்பினத்தவர், ஆப்பிரிக்க வம்சாவளியினர். பழங்குடியினர் குதிரை ஏறக் கூடாது என்று ஸ்பானிய அரசு ஆரம்பத்தில் தடை போட்டிருந்தது. மேய்க்க ஆள் கிடைக்காததால் பண்ணைக்காரர்களும் பாதிரியார்களுமே அவர்களைக் குதிரையில் ஏற்றிவிட்டார்கள். காரியம் ஆக வேண்டுமென்றால் சட்டமாவது ஒன்றாவது!

அப்புறம் அந்தச் சேணம். அதன் முன்புறம் துருத்திக்கொண்டு நிற்கும் குமிழை, சவாரி செய்பவர் பிடித்துக்கொள்வதற்கான கைப்பிடி என்று படக்குறிப்பு சொல்கிறது. இல்லை. காளையின் கொம்பில் சுருக்கு விழுந்ததும் வக்கேரோ தன் கையில் இருக்கும் கயிற்றை அந்தக் குமிழில் மளமளவென்று இரண்டு சுற்று சுற்றுவார். பச்சைத் தோலை வார் வாராக அறுத்துப் பின்னிய கயிறு அது, அறுபது அடி நீளம்கூட இருக்கும், வெடுக்கென்று இழுபட்டால் அறுந்துவிடும். அதனால் முடிச்சுப் போட்டுக் கட்டாமல், குமிழில் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கவிட்டே மாட்டின் வேகத்தைக் குறைப்பார். கயிற்றுக்கும் குமிழுக்கும் நடுவில் கட்டைவிரல் சிக்கினால் விரல் போயிற்று. ஸ்பெயினிலிருந்து வந்த போர்ச் சேணத்தில் இப்படி ஒரு குமிழே கிடையாது, கயிறு வேலைக்காக மெக்சிகோவில் சேர்த்தது. கலிபோர்னியாவில் இந்த முறை அப்படியே நிலைத்தது, டெக்சஸ்காரர்கள்தான் கயிற்றைக் குமிழோடு இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். முள்புதரில் கால் கிழியாமலிருக்கப் போடும் தோல் உறையும் மெக்சிகோ சரக்குதான்.

மாட்டை நெடுந்தூரம் ஓட்டிப்போவதும் புதிதல்ல. 1867-இல் ரயிலில் ஏற்றுவதற்காக கான்சஸின் அபிலீனுக்கு மந்தைகள் போகத் தொடங்கியதைக் கட்டுரை பெரிதாகச் சொல்கிறது. அதற்கு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, பிரிட்டனோடு போரில் இறங்கிய லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் பெர்னார்தோ தே கால்வெஸின் படைக்குச் சாப்பாட்டுக்காக, டெக்சஸ் பண்ணைகளிலிருந்து வக்கேரோக்கள் ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டிப் போயிருக்கிறார்கள். ஹவாய் மன்னர் மூன்றாம் கமேஹமேஹாகூட 1830-களில் தன் தீவுகளில் காட்டு மாடுகளைச் சமாளிக்கக் கலிபோர்னியாவிலிருந்து வக்கேரோக்களைத்தான் வரவழைத்தார்.

சரி, அமெரிக்கர்கள் ஒன்றுமே சேர்க்கவில்லை என்று சொல்ல வரவில்லை. ரயிலும் சிகாகோவின் இறைச்சிச் சந்தையும் இல்லையென்றால் தொழில் அந்த அளவுக்குப் பெருத்திருக்காது. ஆனால் வியாபாரம் அவர்களுடையது என்பதற்காக வித்தையையும் அவர்கள் கணக்கிலேயே எழுதிவிட்டால் எப்படி?

அடுத்த வாரம் டெக்சஸில் ரிச்சர்ட் கிங் தொடங்கிய மாட்டுப் பண்ணையான கிங் ரான்ச் பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். 1854-இல் மெக்சிகோவின் தமவுலிபாஸ் பகுதியில் க்ரூய்யாஸ் என்ற ஊர் வறட்சியில் தவித்தபோது, கிங் அங்கிருந்த மாடுகளை மொத்தமாக வாங்கினார். மாடு போன பிறகு ஊர்க்காரர்கள் எதை வைத்துப் பிழைப்பார்கள்? வேலையும் வீடும் தருகிறேன் என்று அவர்களையும் கூட்டிக்கொண்டு போனார். குடும்பம் குடும்பமாக நூறு பேருக்கு மேல் டெக்சஸுக்குப் பெயர்ந்தார்கள். கினேஞோக்கள், அதாவது கிங்கின் ஆட்கள், என்று பெயர் பெற்ற அவர்களின் வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அதே பண்ணையில் வேலை பார்த்தார்கள். முதலாளியின் கதையோடு நிறுத்திவிடாமல் இவர்களுக்கும் இரண்டு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்