கோழிக் குடலிலிருந்து

பல்லடம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. அம்மா வீடு திரும்பிவிட்டார்கள் என்ற வரியைப் பார்த்த பிறகுதான் மீதியைப் படிக்க முடிந்தது. சிறுநீரில் வளர்ந்த கிருமிக்கு எந்த மாத்திரையும் கேட்கவில்லை, ஒன்பது நாள் ஊசி போட்டார்கள் என்று எழுதியிருந்தாய். "நீங்களெல்லாம் கோழிக்குப் போடும் மருந்துதான் காரணமா?" என்றும் கேட்டிருந்தாய்.

அம்மாவுக்கு வந்த கிருமி எந்த வழியில் வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சளி பிடித்தாலே நாமாக மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரைகளுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் பண்ணைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல, முப்பது வருஷம் கால்நடை வைத்தியம் பார்த்த எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பக்கம் பண்ணைக்காரர்கள் சொல்வது ஒன்றுதான்: "கோழி பிடிக்கச் சில நாள் முன்னாலேயே மருந்தை நிறுத்திடறோம், கறியில மருந்து இருக்காது சார்." அப்படி நிறுத்தினால் கறியில் மருந்து தங்காதுதான். ஆனால் கோழியின் குடலில் ஈ.கோலை என்ற கிருமி இருக்கிறதே. தீவனத்தோடு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து போகும்போது அதற்குச் சாகிறவை செத்து, சாகாதவை பெருகிவிடும். மருந்தை நிறுத்தியதும் அவை கிளம்பிப் போய்விடுவதில்லை. எச்சத்திலும் எருவிலும் வேலையாள் கையிலும் வெளியே வருகின்றன.

1976-இல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவர் வெளியிட்ட ஆய்வை நான் மறக்கவே மாட்டேன். ஒரு பண்ணையில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் போட ஆரம்பித்தார்கள். ஒரே வாரத்தில் கோழிக் குடலில் இருந்தவை ஏறக்குறைய எல்லாமே அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள். ஐந்தாறு மாதத்தில் பண்ணையில் குடியிருந்தவர்களின் மலத்திலும் அப்படிப்பட்டவை பெருகியிருந்தன; அக்கம்பக்கத்தாரிடம் அந்த அளவுக்கு இல்லை. அந்த வீட்டார் மருந்து விழுங்கவில்லை, கோழிகளோடு வாழ்ந்தார்கள், அவ்வளவுதான். அதோடு, அந்தக் கிருமிகள் டெட்ராசைக்ளினை மட்டுமல்ல, வேறு பல மருந்துகளையும் எதிர்த்து நின்றன. எதிர்க்கும் திறன் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ வளையத்தில் இருக்கிறது. ஒரு கிருமி இன்னொன்றுக்கு அதைக் கைமாற்றிவிடும்.

இதை எழுதும்போது கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கின் நினைவுதான் என்னை உறுத்துகிறது. கோழிக்குக் கழிச்சல் என்று வந்த பண்ணைக்காரர்களுக்கு, தண்ணீரில் கலந்து கொடுங்கள் என்று நானே எத்தனையோ முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். விலை குறைவு, குடலிலேயே நின்று வேலை செய்யும், நல்ல மருந்து என்றுதான் நினைத்தோம். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மனிதர்களுக்கு 1970-களில் ஒதுக்கிய மருந்து அது. வேறெதுவும் கேட்காத நோயாளிகளுக்காக ஐ.சி.யூ-வில் மறுபடி அதைத்தான் கையில் எடுத்தார்கள். 2015-இல் சீனாவில் பன்றிகளிடமும் கடைக் கறியிலும் நோயாளிகளிடமும், அந்தக் கொலிஸ்டினையே எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவைக் கண்டார்கள். அதுவும் பிளாஸ்மிட்டில்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2017-இல் சீனா அதைத் தீவனத்தில் வளர்ச்சிக்காகச் சேர்ப்பதை நிறுத்தியது. பிறகு அங்கே அந்த மரபணு குறைந்தது. நம் நாட்டில் 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். இன்னும் பத்து வருஷம் முன்னால் செய்திருக்க வேண்டும்.

கோழி சாப்பிடலாமா என்று தங்கச்சி கேட்டதாக எழுதியிருந்தாய். தாராளமாகச் சாப்பிடலாம், நன்றாக வெந்தால் கிருமி செத்துவிடும். பச்சைக் கறியைக் குழாயடியில் தெறிக்கத் தெறிக்கக் கழுவ வேண்டாம். கறி வெட்டிய பலகையில் அப்படியே வெங்காயம் நறுக்கவும் வேண்டாம்.

இப்போதும் பண்ணைகளுக்குப் போகிறேன். கொட்டகைத் தரையில் பரப்பிய நார்க்கழிவைக் கிளறிக் காயவை, தண்ணீர்க் குழாயைச் சுத்தமாக வை, தடுப்பூசியைத் தவறவிடாதே, மருந்துக்கு அப்புறம் வரலாம் என்று சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். போன மாதம் ஒருவர் ஒரு பேட்ச் கோழி முழுவதையும் ஆன்டிபயாடிக் இல்லாமலே வளர்த்து விற்பனைக்கு ஏற்றிவிட்டு, இரவு பத்து மணிக்கு போன் செய்து சொன்னார்.

அம்மாவின் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பு. எந்தெந்த மருந்துக்கு எதிரே 'ஆர்', அதாவது கிருமி அதற்கு அடங்காது என்று, போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பொங்கல் கழித்து நேரில் வருகிறேன். அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
பழனிச்சாமி