இரண்டு கழுவலுக்கு நடுவே

நாகர்கோவில்,
ஜூலை 14.

அன்பு மகனுக்கு,

இங்கே நாங்கள் அனைவரும் நலம். உன் கடிதம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. பச்மடியில் மழை விடாமல் பெய்கிறது என்றும், உலரப் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாகவே இருக்கிறது என்றும் எழுதியிருந்ததைப் படித்து அம்மா கவலைப்பட்டாள். எனக்குத் துணியைப் பற்றிக் கவலை இல்லை. அந்தக் காற்றிலேயே உன் ட்ரம்பெட்டும் இருக்கிறதே என்பதுதான் என் எண்ணமாக இருந்தது.

ராணுவ பேண்டில் உனக்குக் கொடுக்கப்பட்ட ட்ரம்பெட்டை இரண்டு மாதம் கழித்து முதல் முறையாகப் பிரித்து, வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கழுவியபோது, கறுப்பும் பச்சையுமாகச் செதில் செதிலாக அழுக்கு வந்து வாளித் தண்ணீரே கலங்கிப் போனது என்று எழுதியிருக்கிறாய். இனி வாரம் ஒருமுறை இப்படிக் கழுவட்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம். ஒவ்வொரு முறை முழுதாகப் பிரிக்கும்போதும் உருவியெடுக்கும் குழாயான ஸ்லைடு ஏதாவது ஒன்று இடித்துக்கொள்ளும், வால்வின் கம்பளி மெத்தையான ஃபெல்ட் நனைந்து கெடும், அவசரத்தில் வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் கைதவறி வாளியில் விழும். இரண்டு மாதத்துக்கு ஒரு கழுவல் போதும். ஆனால் அந்த இரண்டு மாதத்தின் அறுபது நாளிலும் நீ என்ன செய்கிறாய் என்பதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், உள்ளே போவது என்ன என்று பார். தண்ணீர் வடியவிடும் சின்ன மூடியான வாட்டர் கீயைத் திறந்தால் சொட்டுவதை எல்லோரும் எச்சில் என்கிறார்கள். அதில் பெரும்பகுதி உன் மூச்சின் ஆவி. உடம்புச் சூட்டோடும் முழு ஈரத்தோடும் வெளிவரும் மூச்சு, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குளிர்ந்த குழாய்க்குள் போகும்போது, சோற்றுப்பானை மூடியின் உட்புறம் வியர்ப்பதுபோல் வியர்த்துத் தண்ணீராகிறது. சதபுரா மலையின் மேல் உள்ள பச்மடியில் டிசம்பர் விடியலில் ஊதும்போது, இங்கே நான் மே மாதத்தில் கண்டதைவிடப் பல மடங்கு தண்ணீரை நீ காண்பாய். வெறும் தண்ணீர் என்றால் பயமில்லை. அதோடு வாயின் உப்பும், சற்று முன் தின்றதன் துணுக்கும், குடித்ததன் சர்க்கரையும் சேர்ந்து போகின்றன. அவை முதலில் படியும் இடம் உதட்டில் வைக்கும் மவுத்பீஸ், அடுத்தது அதைச் செருகும் முன்குழாயான லீட் பைப். சுருதி சேர்க்க இழுக்கும் வளைகுழாயான டியூனிங் ஸ்லைடைத் தாண்டிய பிறகு அழுக்கு வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே தினமும் காக்க வேண்டியது முழு ட்ரம்பெட்டை அல்ல, முன்பக்கத்து ஒரு சாண் குழாயைத்தான்.

நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களை நினைத்துக்கொள். ஈயம் பூசாத பித்தளைப் பானையில் அம்மா ஒருநாளும் புளிக்குழம்பு வைத்ததில்லை. பாட்டியும் வைத்ததில்லை. புளிப்பு பித்தளையைத் தின்னும், களிம்பு ஏறும் என்று அவர்களுக்குத் தெரியும். ட்ரம்பெட்டும் அதே பித்தளைதான். சாதாரண மஞ்சள் பித்தளையில் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். பானைக்குப் பூசுவதுபோல் குழாயின் உட்புறத்துக்கு யாரும் ஈயம் பூசுவதில்லை. உள்ளே ஈரமும் சர்க்கரையும் கிடந்து புளித்தால், உலோகத்திலிருந்து துத்தநாகம் மெல்ல மெல்லக் கரைந்து போய், செம்பு மட்டும் சல்லடைபோல் மிஞ்சும். வெளியே பார்த்தால் கடுகளவு இளஞ்சிவப்புப் புள்ளி, அதன் நடுவில் ஒரு கறுத்த பொட்டு. துடைத்தால் போகாது, ஏனென்றால் அது உள்ளிருந்து வெளியே வந்த புள்ளி. இதனால்தான் சில கம்பெனிகள் லீட் பைப்பை மட்டும் செம்பு அதிகமுள்ள பித்தளையில் செய்கின்றன. பரணில் இருக்கும் மீரட்டில் செய்த என் பழைய ட்ரம்பெட்டின் லீட் பைப்பில் அப்படி மூன்று புள்ளிகள் உண்டு. நடுப்புள்ளியில் ஊசி நுழையும். நீ சிறுவனாக இருந்தபோது அதில் விரலை வைத்து மூடிக்கொண்டு ஊதச் சொல்லிச் சிரித்தாயே, அது என் சோம்பேறித்தனம் போட்ட ஓட்டை.

அந்த ட்ரம்பெட்டின் கதையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சவேரியார் கோயில் திருவிழாவின் தேர்ப்பவனிக்கு எங்கள் பேண்டு செட்டைக் கூப்பிட்டிருந்தார்கள். இரவு முழுவதும் நடை. தெருவுக்குத் தெரு யாராவது நன்னாரி சர்பத்தும் சாயாவும் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்த கையோடு ட்ரம்பெட்டை வாயில் வைத்தோம். பாராட்டு கிடைத்த மகிழ்ச்சியில் விடிந்ததும் அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு இரண்டு நாள் தூங்கினேன். மூன்றாம் நாள் ஒரு கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கும் நேரத்தில் இரண்டாம் வால்வை அழுத்தினேன். கீழே போனது, மேலே வரவில்லை. சர்பத்துச் சர்க்கரை காய்ந்து பிஸ்டனைப் பசைபோல் பிடித்துக்கொண்டிருந்தது. மீதிப் பாட்டை இடது கையால் பிஸ்டனைத் தூக்கித் தூக்கி வாசித்து முடித்தேன். அன்றுமுதல் வாசிக்கும் முன் வாயைக் கொப்பளிக்காமல் நான் மவுத்பீஸைத் தொட்டதில்லை. உள்ளே போகவிடாத அழுக்கை வெளியே எடுக்க வேண்டியதே இல்லை. பல் தேய்க்க முடிந்தால் மிகவும் நல்லது. முடியாவிட்டால் இரண்டு வாய்த் தண்ணீராவது கொப்பளித்துத் துப்பு. ஒத்திகை இடைவேளையில் பச்சைத் தண்ணீர் மட்டும் குடி.

இனி வாசித்து முடித்த பிறகு செய்ய வேண்டியது. மூன்று நிமிடம் ஆகும். வாட்டர் கீயைத் திறந்து வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் வெறும் காற்றை ஊது. முதலில் வால்வுகளை விட்டுவிட்டு ஊதி, பிறகு ஒவ்வொன்றாக அழுத்தி ஊது. மூன்றாம் வால்வு ஸ்லைடில் தண்ணீர் தேங்கி நிற்கும், அதைக் கழற்றிக் கவிழ்த்துவிடு. வால்வு ஸ்லைடுகளை இழுக்கும்போதெல்லாம் அந்தந்த வால்வை அழுத்திக்கொள்ள மறக்காதே. இல்லாவிட்டால் உள்ளே காற்று இழுத்துக்கொண்டு 'டப்' என்ற சத்தத்தோடு ஸ்லைடு கையில் வரும். அந்த இழுப்பு குழாய்க்கு நல்லதில்லை.

அதன் பிறகு மவுத்பீஸை எடுத்துவிட்டு, டியூனிங் ஸ்லைடையும் முழுதாக உருவி, லீட் பைப்பை நேர்க்குழாயாக ஆக்கிக்கொள். துணி கட்டிய கயிற்றின் பாரமுள்ள முனையை டியூனிங் ஸ்லைடு இருந்த வாயில் போட்டு, ட்ரம்பெட்டைச் சாய்த்தால், அது உருண்டுபோய் மவுத்பீஸ் வைக்கும் வாய் வழியாக எட்டிப் பார்க்கும். அதைப் பிடித்து ஒரே சீராக இழு. குழாய் மற்ற இடங்களில் 11.7 மில்லிமீட்டர் அகலம் என்றால், மவுத்பீஸ் அருகே சுமார் 9 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். துணி தடியாக இருந்தால் அந்தக் கழுத்தில்தான் மாட்டிக்கொள்ளும். எனக்கு ஒருமுறை மாட்டியது. பலத்தைக் காட்டி இழுத்ததில் கயிறு மட்டும் கையோடு வந்தது. பழுது பார்ப்பவர் அந்தத் துணியை எடுக்க ஒரு வாரம் ட்ரம்பெட்டை வைத்துக்கொண்டார். ஆகவே துணியின் பின்பக்கத்திலும் ஒரு வால் கயிறு இருக்க வேண்டும். இறுகுகிறது என்று தோன்றிய கணமே முன்னே இழுப்பதை நிறுத்திவிட்டு, வாலைப் பிடித்துப் பின்னே இழுத்துவிடு. வெளியே வந்த துணியை வெளிச்சத்தில் பிரித்துப் பார். சாம்பல் நிறமாக இருந்தால் அது எண்ணெயும் உலோகத் தூளும்; பச்சை தெரிந்தால் களிம்பு தொடங்கிவிட்டது; பழுப்பாகப் பிசுபிசுத்தால் நீ வாய் கொப்பளிக்கவில்லை என்று எனக்கு இங்கிருந்தே தெரியும்.

மவுத்பீஸுக்கு வாரம் இருமுறை வெதுவெதுப்பான சோப்பு நீரும் கூம்புப் பிரஷும் போதும். அதன் தண்டுக்குள் ஒரு வளையம்போல் அழுக்கு படியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வட்டம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். மவுத்பீஸ் சிக்கிக்கொண்டால் குறடு எடுக்காதே; அதற்கென்று உள்ள இழுப்பானைப் பேண்டு ஸ்டோரில் கேள்.

வாரம் ஒருமுறை வால்வுகளின் அடிமூடிகளைத் திருகி எடுத்துப் பார்க்கச் சொன்னால் பலரும் வியப்பார்கள். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது வழிக்கிற கசடெல்லாம் அந்தச் சின்னக் கிண்ணத்தில்தான் சேர்கிறது. விரலில் துணி சுற்றி ஒருமுறை துடைத்தால் போதும். பிஸ்டன்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, பஞ்சு உதிராத துணியால் துடைத்து, புதிய வால்வு எண்ணெய் இட்டு, 1, 2, 3 என்ற எண்ணைப் பார்த்து அதனதன் அறையிலேயே இறக்கு. பழைய எண்ணெயின் மேல் புதிய எண்ணெயை ஊற்றிக்கொண்டே போவது, குளிக்காமல் பவுடர் பூசிக்கொள்வதற்குச் சமம்.

லீட் பைப்புக்குள் எண்ணெய் விடுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன் பேண்டின் மூத்தவர் சொன்னது நல்ல யோசனைதான். நான்கைந்து சொட்டு வால்வு எண்ணெயை மவுத்பீஸ் வைக்கும் வாயில் விட்டு, குழாயைச் சுழற்றி, மெல்ல ஊதினால் உட்சுவரில் ஒரு படலம் படியும். ஈரம் உலோகத்தைத் தொடாது. பானைக்கு ஈயம் பூசுவதற்கு நாம் செய்யக்கூடிய மாற்று அதுதான். ஆனால் துணி இழுத்துச் சுத்தம் செய்த பிறகுதான் விட வேண்டும். அழுக்கு இருக்கும்போது விட்டால், எண்ணெய் அந்த அழுக்கைக் கரைத்து நேராக வால்வுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இப்படி விட்டால் வால்வுக்குத் தனியாக எண்ணெய் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பாம்புபோல் நீண்ட பிரஷ் ஒன்று வாங்கியதாக எழுதியிருந்தாய். அதைக் கழுவும் நாளுக்கு வைத்துக்கொள். உலர்ந்த குழாயில் அதைத் தேய்க்காதே. அதன் கம்பிக்கு மேல் உறை இல்லையென்றால் எப்போதுமே உள்ளே விடாதே; பித்தளையில் விழும் ஒவ்வொரு கீறலிலும் அழுக்கு குடியேறும். வால்வு அறைக்குள் அது போகவே கூடாது.

இதெல்லாம் ட்ரம்பெட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. நம் கோயிலில் ஆர்கன் வாசிக்கும் டாக்டர் ஒரு செய்தி சொன்னார். பதினைந்து ஆண்டுகள் இருமிக்கொண்டிருந்த ஒரு ட்ராம்போன் கலைஞரின் கருவியைச் சோதித்தபோது உள்ளே கிருமியும் பூஞ்சையும் வளர்ந்திருந்தனவாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு ஒழுங்காகச் சுத்தம் செய்யத் தொடங்கிய பிறகு அவருடைய இருமல் நின்றது. 2010-இல் அமெரிக்காவின் 'செஸ்ட்' மருத்துவ இதழில் இது வெளிவந்தது. ஊதும் முன் நாம் ஆழமாக மூச்சிழுக்கும்போது மவுத்பீஸ் உதட்டருகிலேயே இருக்கிறது அல்லவா? உங்கள் பேண்டில் பேக்பைப் வாசிக்கும் நண்பர்களிடமும் சொல். அவர்களுடைய பையின் ஈரம் இதைவிட மோசம்.

பெட்டியைப் பற்றி ஒன்று. துணியை இழுத்த பிறகும் ட்ரம்பெட்டை உடனே மூடி வைக்காதே. சாப்பிட்டுவிட்டு வரும்வரையாவது திறந்த பெட்டியில் கிடக்கட்டும். ஈரத்துணியைக் குழாய்க்குள்ளோ பெட்டிக்குள்ளோ வைக்காதே, வெளியே தனியாகத் தொங்கவிடு. மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களை அம்மா சேர்த்து வைத்திருக்கிறாள், அனுப்புகிறேன்.

இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தைய இரவு எல்லோரும் பித்தளைக்கு மெருகேற்றும் பிராசோ டப்பாவோடு உட்கார்ந்துவிடுவார்கள். அரக்குப் பூச்சு உள்ள ட்ரம்பெட்டில் பிராசோ போட்டால் பூச்சு போய்விடும். பூச்சு இல்லாததில் போட்டாலும் வால்வு மூடிகளின் இடுக்கில் போகாமல் பார்த்துக்கொள், அது மணலைப்போல் பிஸ்டனைத் தேய்க்கும். விடுமுறைக்கு வரும்போது அம்மா புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு உன் ட்ரம்பெட் பக்கம் வந்தால், பெட்டியைப் பூட்டிவிடு. குத்துவிளக்கைத் தேய்த்த கை அது, சும்மா இருக்காது. வெளிப்புறத்தின் பளபளப்பை அதிகாரி பார்ப்பார். லீட் பைப்புக்குள் எட்டிப் பார்க்க உன்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். என் பழைய வேட்டியைக் கிழித்து அம்மா இரண்டு துணி தைத்திருக்கிறாள். விளிம்பெல்லாம் மடித்துத் தைத்தது, நூல் பிரியாது. முனையில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய பித்தளைக் கட்டை ஒன்றைத் துணி சுற்றிக் கட்டியிருக்கிறேன். என் ட்ரம்பெட்டில் போட்டுப் பார்த்துவிட்டேன், கழுத்தில் தடையில்லாமல் போகிறது. பின்னால் வால் கயிறும் உண்டு. வேட்டியில் கஞ்சி இருக்கலாம், பயன்படுத்தும் முன் இரண்டு முறை அலசிக் காயவை. ஒன்று நனைந்திருக்கும்போது மற்றது காய்ந்திருக்கும். பத்து நாள் இழுத்துவிட்டு, பத்தாம் நாள் துணியில் என்ன நிறம் வந்தது என்று எழுது.

அன்புடன்,
அப்பா